மாறிவரும் மழையும் மண் அரிப்பும்: பவானி நீர்ப்பிடிப்புப் பகுதி உழவர்களுக்கு ஒரு பாடம்

ஆடிப் பெருக்கிலும் ஐப்பசி மழையிலும் பவானி ஆறு செந்நிறமாகப் பெருகி வருவதைக் கண்டு, "அணை நிறையும், வாய்க்காலில் தண்ணீர் வரும்" என்று நாம் மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தச் செந்நிறம் எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மழை நீருக்கு நிறம் கிடையாது. ஆற்று நீரில் காணும் நிறம் மேட்டு நிலத்திலிருந்து கரைந்து வந்த மண்ணின் நிறம். ஒருவருடைய தோட்டத்தின் மேல் மண்தான் மற்றொருவருடைய அணையில் வண்டலாகப் படிகிறது.

மண் அரிப்பு நமக்குப் புதிதன்று. ஆனால் அண்மைக் காலத்தில் புவி வெப்பம் உயர்ந்து, மழையின் போக்கும் மாறிவருவதால் இந்த அரிப்பு முன்னைவிட வேகமாக நடைபெற வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. அதற்கான காரணங்களையும், ஓரிரு ஏக்கர் நிலம் உடைய சிறு உழவர் தம் மண்ணைக் காத்துக்கொள்ளும் வழிகளையும் இப்பாடத்தில் காண்போம்.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது யாது?

ஓட்டுக் கூரையின் ஒரு பக்கத்தில் விழும் மழை முழுவதும் ஒரே தாழ்வாரத்தின் வழியாக இறங்குகிறது. அதுபோல, மலை முகட்டிலிருந்து சரிவு நெடுகிலும் விழும் மழை சிற்றோடைகளாகவும் பள்ளங்களாகவும் கூடி ஓர் ஆற்றை அடைகிறது. அந்த நிலப்பரப்பு முழுவதையும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம்.

பவானி ஆற்றுக்கு நீலகிரி மலைத் தொடரே முதன்மையான நீர்ப்பிடிப்பு. குந்தா ஆறு, குன்னூர் ஆறு ஆகியவை இதில் கலக்கின்றன. பில்லூர் அணையையும் மேட்டுப்பாளையத்தையும் கடந்து வரும் பவானியும், முதுமலைப் பக்கமிருந்து வரும் மாயாறும் பவானிசாகரில் சேருகின்றன. 1955-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) இதிலிருந்து பிரியும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோ மீட்டர் நீளம் ஓடி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டுக்குப் பாசனம் அளிக்கிறது.

எனவே மலையில் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடுவோரும், அன்னூர், புளியம்பட்டிப் பக்கம் மானாவாரியாகச் சோளமும் நிலக்கடலையும் விதைப்போரும், வாய்க்காலின் கடைமடையில் முறைத் தண்ணீருக்குக் காத்திருப்போரும் ஒரே நீராலும் மண்ணாலும் பிணைக்கப்பட்டவர்களே.

மழை மண்ணைக் கொண்டு செல்லும் விதம்

மண் அரிப்பு ஓடும் நீரால் தொடங்குவதில்லை. விழும் துளியால் தொடங்குகிறது. பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து தரையைத் தாக்குகிறது. வெறும் நிலமானால் மண் கட்டிகள் சிதறி நொய்ந்த துகள்களாகின்றன. அத்துகள்கள் மண்ணின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடுகின்றன. அதனால் மண்ணின் மேல் ஒரு மெல்லிய ஏடு படிகிறது. நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடத் தொடங்குகிறது.

முதலில் நிலம் முழுவதும் மெல்லிய படலமாக மண் கழுவப்படுகிறது. இதனைத் தகட்டு அரிப்பு என்பர். இது கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்து விரல் கனத்தில் சிறு சால்கள் தோன்றும். இது சால் அரிப்பு. உழுதவுடன் சால் மறைந்துவிடுவதால் நாம் அதையும் மறந்துவிடுகிறோம். கவனிக்காவிடில் சால்கள் ஒன்று கூடி, ஏர் இறங்க முடியாத பள்ளமாகிவிடும். இது ஓடை அரிப்பு. நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அதன் அரிக்கும் சக்தி நான்கு மடங்காகிறது. ஆகவேதான் நீரை ஓடவிடாமல் நடக்கவிடு. நடக்கும் நீரை நிற்கவிடு. நிற்கும் நீரை மண்ணுள் இறங்கவிடு என்கிறோம்.

மழையின் போக்கில் ஏற்பட்டுள்ள மாற்றம்

காற்று சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவும் கூடும். ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதம் அதிக நீராவியைத் தாங்கும். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்திய நிலையோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் புவியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி உயர்ந்துள்ளது. கூடுதலாகச் சேர்ந்த நீராவி, ஏற்ற சூழ்நிலை வாய்க்கும்போது குறுகிய நேரத்தில் பெருமழையாகக் கொட்டுகிறது.

ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிவியல் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முன்பு பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்பட்ட ஒருநாள் கனமழை, உலக நிலப்பரப்பில் சராசரியாக இப்போது அதே காலத்தில் 1.3 முறை பெய்ய வாய்ப்புள்ளது. வெப்ப உயர்வு 2 டிகிரியை எட்டினால் அது 1.7 முறையாகும். நம் பண்ணை வரப்புகளும் கலிங்குகளும் பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழையைக் கணக்கிட்டே அமைக்கப்படுகின்றன. அம்மழை அடிக்கடி வந்தால் பழைய அளவில் போட்ட வரப்புகள் தாங்கா என்பதை உணர்தல் வேண்டும்.

நம் நீர்ப்பிடிப்பிலேயே சான்றுகள் உண்டு. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. அப்போது ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 செ.மீ. பதிவாயிற்று. கோவை மாவட்டச் சமவெளியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகம். இவற்றுக்கு இடையில், 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதம் குறைந்து கடும் வறட்சி நிலவியது. ஏதேனும் ஒரு மழையையோ வறட்சியையோ மட்டும் காட்டி, இது புவி வெப்பத்தால்தான் வந்தது என்று கூறிவிட முடியாது. ஆயினும் இத்தகைய உச்ச நிலைகள் முன்னைவிட அடிக்கடி நேரக்கூடும் என்பதற்கு ஏற்ப நாம் ஆயத்தமாக இருத்தல் நலம்.

வெப்பமும் வறட்சியும் செய்யும் மறைமுகக் கேடு

மழை மட்டும் காரணமன்று. வெப்பம் உயர்ந்தால் மண்ணிலுள்ள மக்கு விரைவாகச் சிதைந்து குறைகிறது. மண் துகள்களைப் பிணைத்துக் கட்டியாக வைத்திருப்பது இந்த மக்குதான். மக்குக் குறைந்த மண் முதல் மழையிலேயே மாவாகக் கரைகிறது.

வறட்சிக் காலத்தில் புல்லும் புதரும் காய்கின்றன. கால்நடைகள் எஞ்சியதையும் அடியோடு மேய்கின்றன. மலைச் சரிவில் காட்டுத் தீ பரவுகிறது. நிலம் மூடாக்கின்றிக் கிடக்கிறது. மழை தாமதித்தால் விதைப்பும் தாமதிக்கிறது. பிறகு திடீரெனப் பெருமழை கொட்டும்போது பயிர் நிலத்தை மூடியிருப்பதில்லை. ஒரே அளவு மழையானாலும், வறட்சியை அடுத்து வெறும் நிலத்தில் பெய்யும் மழை அதிக மண்ணைக் கொண்டு செல்வது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத இழப்பின் கணக்கு

ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லி மீட்டர் கனத்துக்கு மண் கழுவப்பட்டதாகக் கொள்வோம். ஒரு காசின் கனம்கூட இராது. நிலத்தைப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் அதன் பருமன் 4 கன மீட்டர். எடை ஏறத்தாழ 5 டன். அம்மண்ணில் 0.05 சதம் தழைச்சத்து இருந்தால், 2½ கிலோ தழைச்சத்து அதனுடன் போகிறது. இது சுமார் 5½ கிலோ யூரியாவுக்குச் சமம். மணிச்சத்தும் மக்கும் வேறு. மேலும் நீர் முதலில் கொண்டு செல்வது நொய்ந்த களியையும் மக்கையுமே. சத்துகள் தங்கியிருப்பது அவற்றில்தான். கல்லும் பருமணலும் நமக்கு. கொழுத்த மண் ஆற்றுக்கு என்றாகிவிடுகிறது.

போன உரத்தைக் கடையில் வாங்கி இடலாம். போன மண்ணை வாங்க இயலாது. ஓர் அங்குல மேல் மண் இயற்கையில் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. உரச் செலவு ஆண்டுதோறும் கூடியும் மகசூல் கூடவில்லையே என வருந்துவோர், முதலில் தம் நிலத்தின் மேல் மண் எத்தனை அங்குலம் எஞ்சியிருக்கிறது என்பதைக் கிளறிப் பார்த்தல் வேண்டும்.

போன மண் எங்கே சேருகிறது?

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 533 கோடி டன் மண் அரிக்கப்படுவதாக 1983-ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. சராசரியாக ஏக்கருக்கு ஏறத்தாழ 6½ டன். அதில் 61 சதம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்து தங்குவதாகவும், 10 சதம் அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் படிவதாகவும், 29 சதம் கடலைச் சேர்வதாகவும் கணக்கிட்டனர்.

அணைக்குள் நுழையும் வெள்ளம் வேகம் குறைந்ததும் மணலை நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியிலும், நொய்ந்த களியை ஆழத்திலும் இறக்கி வைக்கிறது. கோவை மாநகருக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையின் கொள்ளளவு வண்டலால் குறைந்துள்ளது. பெரிய அணைகளில் ஒரு டி.எம்.சி. கொள்ளளவு வண்டலால் குறைவதாகக் கொண்டால், இரண்டு அடி நீர் தேவைப்படும் புன்செய்ப் பயிரில் 11,000 ஏக்கருக்கு மேல் ஒரு போகத்துக்கான நீரைச் சேமிக்க இடமின்றிப் போகிறது. இதில் வாய்க்கால் சேதாரம் சேர்க்கப்படவில்லை. அணை சீக்கிரம் நிரம்பும். சீக்கிரம் தீர்ந்தும் போகும். முதலில் வாடுவது கடைமடைப் பயிரே.

அதே நேரத்தில் மணல் முழுவதும் அணைகளில் தங்கிவிட்டால் கீழ்ப்பகுதியில் ஆற்றுப்படுகையும் கழிமுகமும் புது மணலின்றி மெலிகின்றன. ஆகவே மண்ணை அது பிறந்த நிலத்திலேயே நிறுத்துவதுதான் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நன்மை.

நம் கையில் இருப்பவை

மண் இழப்பு ஐந்து காரணிகளைப் பொறுத்தது. அவை: 1. மழையின் வன்மை, 2. மண்ணின் கரையும் தன்மை, 3. சரிவின் நீளமும் செங்குத்தும், 4. நிலத்தை மூடியுள்ள பயிர், 5. பாதுகாப்பு முறைகள். இவற்றை ஒன்றோடொன்று பெருக்கியே மண் இழப்பைக் கணக்கிடுகின்றனர். பெருக்கல் கணக்கு என்பதால், ஒன்று கூடினாலும் மற்றொன்றைக் குறைத்து மொத்தத்தை அடக்கிவிடலாம். மழையின் வன்மை நம் கையில் இல்லை. எஞ்சிய நான்கும் நம் கையில் உள்ளன.

மண்ணின் கரையும் தன்மையைக் குறைத்தல்

தொழு உரம், கம்போஸ்டு, பசுந்தாள் உரம் ஆகியவற்றைத் தவறாது இடுதல் வேண்டும். சோளத் தட்டை அடிக்கட்டைகளை எரிக்கலாகாது. அருகில் உள்ள ஏரி, குளத்து வண்டலை உரிய அனுமதி பெற்று எடுத்து இடலாம். உப்பும் களர்த்தன்மையும் உண்டா என ஆய்வு செய்த பின்னரே இடுக.

சரிவின் நீளத்தைக் குறைத்தல்

இதற்கு முதற்படி நிலத்தில் சமமட்டக் கோட்டைக் கண்டறிதல். எளிய கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இரண்டு மீட்டர் நீளமுள்ள இரு மூங்கில் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டிக் கால்களை அகட்டுக. நடுவில் குறுக்குக் கழி ஒன்றைக் கட்டுக. உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுக. இரு முளைகளின் மேல் கால்களை நிறுத்தி, கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் குறியிடுக. பின் இரு கால்களையும் இடம் மாற்றி அதே முளைகளில் நிறுத்தி மீண்டும் குறியிடுக. இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டக் குறி. இனி நிலத்தில் ஒரு காலை ஊன்றி, கயிறு மட்டக் குறியில் நிற்கும் வரை மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, அவ்விடத்தில் முளை அடிக்க வேண்டும். இவ்வாறே தொடர்ந்து சென்றால் முளைகளின் வரிசையே சமமட்டக் கோடு.

இக்கோட்டில் வரப்புப் போடலாம். அல்லது வெட்டிவேர்த் தூர்களை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக நடலாம். நிலம் ஒரு மீட்டர் இறங்குவதற்கு ஒரு வரிசை போதுமானது. 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கும் நிலமானால் 50 மீட்டருக்கு ஒரு வரிசை வரும். வெட்டிவேர் வேலி நீரைத் தடுத்துப் பரப்பி, மண்ணை வடிகட்டி நிறுத்துகிறது. ஆடு மாடுகளுக்குத் தீவனம் தேவைப்படுவோர் வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல் வளர்க்கலாம்.

சமவெளிக் கரிசலிலும் செம்மண்ணிலும் பருவமழைக்கு முன்பே 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் பகுதிப் பாத்திகள் அமைத்தால் விழும் மழை அங்கங்கே தங்கி இறங்கும். மலைச் சரிவில் காய்கறி பயிரிடுவோர் சரிவின் போக்கில் மேலிருந்து கீழாகப் பார் பிடித்தலை அறவே விட்டொழித்தல் வேண்டும். உட்புறம் சாய்ந்த படிமட்டம் அமைத்துச் சரிவுக்குக் குறுக்கே பயிரிடுவதால் மண் இழப்பு பல மடங்கு குறையும். 1954 முதல் உதகமண்டலத்தில் இயங்கிவரும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இம்முறைகளை நீண்ட காலமாகப் பரிந்துரைத்து வருகிறது.

வழிந்தோடு வசதி: இன்று மிக முக்கியம்

வரப்பை உயர்த்திவிட்டு நீர் வெளியேற வழி விடாதிருப்பது பெரும் தவறு. பெருமழையில் ஒரு வரப்பு உடைந்தால் அதில் தேங்கிய நீர் முழுவதும் அடுத்த வரப்பை உடைக்கும். ஒரே இரவில் ஓடை உண்டாகிவிடும். ஆகவே ஒவ்வொரு வரப்பிலும் தாழ்ந்த இடத்தில் கல் பதித்த கலிங்கு அமைத்து, அதன் கீழே புல் வளர்த்தல் வேண்டும். மாறிவரும் மழையை எண்ணிப் பழைய கலிங்குகளை அகலப்படுத்துவது நல்லது. கலிங்கு நீரைப் பண்ணைக்குட்டையில் சேர்க்கலாம். குட்டையின் நுழைவாயிலுக்கு முன் சிறு குழி ஒன்று எடுத்தால் மண் அதிலேயே தங்கும். ஆண்டுதோறும் அதை அள்ளி நிலத்தில் பரப்பலாம்.

ஏற்கெனவே ஓடை விழுந்த இடத்தில் கற்களை அடுக்கித் தடுப்புகள் அமைக்கலாம். தடுப்பின் நடுப்பகுதி பக்கங்களைவிடத் தாழ்ந்திருத்தல் வேண்டும்; இல்லையேல் நீர் பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு போகும். கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் மேல் தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருக்குமாறு இடைவெளி விடுக.

நிலத்தை மூடி வைத்தல்

கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே செய்க. சோளத்துடன் தட்டைப்பயறு, பாசிப்பயறு போன்றவற்றை ஊடுபயிராக விதைத்தால் நிலம் விரைவில் மூடப்படும். அறுவடைக் கழிவுகளை மூடாக்காக இடுக. மேய்ச்சல் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து மாறி மாறி மேய்த்தல் நன்று. யூரியாவைப் பெருமழை அறிவிப்பு உள்ள நாளில் இடாது, பிரித்து இடுதல் வேண்டும்.

உங்கள் நிலத்தை நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. காய்ந்த மண் கட்டி ஒன்றை ஒரு தம்ளர் நீரில் மெல்ல இடுக. சில நிமிடங்களில் சரிந்து கரைந்தால் மக்குக் குறைவு என்று பொருள்.

2. மழையின்போது நிலத்திலிருந்து வெளியேறும் நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் அசையாது வைக்க. தெளிந்த நீரை வடித்து, அடியில் தங்கிய மண்ணைக் காயவைத்து எடை போடுக. 10 கிராம் இருந்தால், வெளியேறும் ஒவ்வொரு லட்சம் லிட்டர் நீருடனும் ஒரு டன் மண் போகிறது. ஓர் ஏக்கரில் 10 செ.மீ. மழை என்பது 4 லட்சம் லிட்டர் என்பதை நினைவிற் கொள்க.

3. பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, மழை அளவோடு பெய்த நேரத்தையும் குறித்து வருக. ஒரு நாள் முழுவதும் பெய்த 5 செ.மீ. மழையும், ஒரு மணி நேரத்தில் கொட்டிய 5 செ.மீ. மழையும் நிலத்துக்கு ஒன்றல்ல.

கூடிச் செய்தால் கோடி நன்மை

நீருக்குச் சர்வே எண் தெரியாது. மேல் நிலத்துக்காரர் தடுக்காவிடில் கீழ் நிலத்துக்காரர் போட்ட வரப்பு நிற்காது. எனவே பணிகளை முகட்டிலிருந்து தொடங்கிப் பள்ளத்தை நோக்கி வருதல் வேண்டும். ஓர் ஓடைக்கு நீர் தரும் நிலத்துக்காரர்கள் அனைவரும் கூடிப் பேசி, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரையும் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தாரையும் கலந்து திட்டமிடுவது சிறந்தது.

விவசாயப் பெருமக்களே! வானத்திலிருந்து வரும் மழையை நாம் மாற்ற இயலாது. அது விழும் நிலத்தை ஆயத்தப்படுத்த இயலும். பட்டா நம் பெயரில் இருக்கலாம். மண் ஆற்றோடு போய்விட்டால் பட்டா மட்டும் விளையாது. வரும் பருவமழைக்கு முன் ஒரு சமமட்டக் கோடாவது உங்கள் நிலத்தில் போட்டு, ஒரு கலிங்கையாவது செப்பனிட்டு, மண்ணைக் காத்துப் பயனடைய வேண்டுகிறோம்.

பாடத்தை நினைவு கூர்க

1. தகட்டு அரிப்பு ஏன் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது?
2. வறட்சியை அடுத்து வரும் பெருமழை அதிக மண்ணை அரிப்பதற்கு என்ன காரணம்?
3. கலிங்கு இல்லாத உயர்ந்த வரப்பால் விளையும் கேடு யாது?
4. மண் இழப்பின் ஐந்து காரணிகளில் உங்கள் நிலத்தில் இந்த ஆண்டே மாற்றக்கூடியவை எவை?